பழைய ஆட்டோமேட்டிக் காரில் ‘டொக் டொக்’: எஞ்சினா, கியர்பாக்ஸா?

பிப்ரவரி 4

நேராகவே கேட்கிறேன். ஐடிலிங்கில் வரும் ‘டொக் டொக்’ சத்தத்தைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு ‘ராடு பேரிங் போச்சு’ என்று சொல்லிவிட முடியுமா? (பிஸ்டனையும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அது கிராங்க்கில் உட்காரும் இடத்தின் தாங்கிதான் இந்த பேரிங்.)

கார் அப்பாவுடையது. வயது 23, ஓட்டம் 1,94,000 கி.மீ., நாலு கியர் ஆட்டோமேட்டிக், முன்சக்கர இழுவை. அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை என்பதால்தான் இத்தனை வருடமாக இந்த வண்டியே ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாகச் சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீழேயிருந்து, மரக்கட்டையைச் சுத்தியலால் மெல்லத் தட்டுவது போல வருகிறது. டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றால் ‘கிலுகிலு’வென்று கூர்மையாகிறது. வண்டி நகர்ந்துவிட்டால் ஒன்றும் கேட்பதில்லை.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், இரண்டு தடவை ரேஸ் கொடுத்தார், காலை எடுத்ததும் வந்த ‘டகடக’வைக் கேட்டார். “கனெக்டிங் ராடு பேரிங். எஞ்சினை இறக்கணும்” என்றார். மொத்தம் இரண்டு நிமிடம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயில் விளக்கு ஒருநாளும் மினுக்கவில்லை. ராடு பேரிங் தேய்ந்திருந்தால் எஞ்சின் சூடாகி ஆயில் இளகும்போது சத்தம் கூட வேண்டும். இங்கே சூடானால் குறைகிறது.

பிப்ரவரி 5

பெல்ட்டைப் பார் என்று பதில் எழுதியவர்களுக்கு: பார்த்துவிட்டேன். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், சத்தம் மாறவில்லை. அப்புறம் பெல்ட்டையே கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓடவிட்டேன். அதே ‘டொக் டொக்’. ஆக ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் மூன்றும் ஒரே அடியில் விலகிவிட்டன. என் வண்டியில் தண்ணீர் பம்பும் அந்தப் பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அரை நிமிடத்துக்கு மேல் விடவில்லை.

பிப்ரவரி 6

இன்று ஆளில்லாத நேரான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வண்டிக்குள் வரும் எந்தச் சத்தமும் மூன்றில் ஒன்றைப் பின்தொடரும்: எஞ்சின் சுற்றும் வேகம், சக்கரம் சுற்றும் வேகம், அல்லது இழுக்கும் பளு. எதைத் தொடர்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில் அர்த்தமில்லை.

சக்கரமா என்று பார்க்க, 50-ல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டேன். எஞ்சின் வேகம் ஐடிலுக்கு இறங்கும், சக்கரம் அதே வேகத்தில் ஓடும். சத்தம் சக்கரத்தைச் சேர்ந்ததென்றால் மாறாமல் நிற்க வேண்டும். இங்கே உருளும்போது ‘டொக் டொக்’ தானாகவே திரும்பி வந்தது. அதாவது எஞ்சின் ஐடிலுக்கு வந்ததும் வந்துவிட்டது. ஆக இது சக்கரம் இல்லை.

பளு? பார்க்கிலும் நியூட்ரலிலும் சத்தம் ஒன்றே. டிரைவில் பிரேக்கோடு நின்றால் வேறு மாதிரி. இதுதான் மண்டையைக் குடைகிறது. ராடு பேரிங் என்றால் டிரைவில் போட்டதும் சத்தத்தின் குணமே ஏன் மாற வேண்டும்?

இதைச் செய்து பார்ப்பவர்கள் எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டீரிங் கனத்துவிடும், பிரேக்கும் கட்டையாகிவிடும்.

பிப்ரவரி 6, இரவு

நியூட்ரலில் உருளவிட்டால் ஆட்டோ கியர்பாக்ஸ் கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை சில நொடி உருட்டுவதில் பாதகமில்லை. கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் எஞ்சினோடு சுற்றுவது. எஞ்சின் ஓடினால் பம்ப் ஓடும், உள்ளே ஆயில் போகும். கெடுவது எஞ்சினை அணைத்துவிட்டு, இழுவைச் சக்கரங்கள் தரையில் இருக்கக் கயிறு கட்டி இழுத்துப் போகும்போது. அப்போது பம்ப் நின்றிருக்கும், உள்ளிருக்கும் பேரிங்குகளும் கியர்களும் ஆயில் இல்லாமல் சுற்றும்.

பிப்ரவரி 8

கிடைத்துவிட்டது!

சைலன்சர் குழாயைச் சுற்றியிருக்கும் வெப்பத் தகடு. ஒரு பக்கம் போல்ட் இருந்த துளை துருப்பிடித்துப் பெரிதாகி, தகடு தொங்கிக்கொண்டு இருந்தது. கைமுட்டியால் தட்டினால் அதே ‘கிலுகிலு’. டிரைவில் போட்டதும் எஞ்சின் கொஞ்சம் சாய்கிறது, ஐடில் வேகமும் இறங்குகிறது, அதிர்வு கூடித் தகடு குழாயில் படுகிறது. பெரிய ஹோஸ் கிளாம்ப் இரண்டைச் சேர்த்துத் தகட்டைக் குழாயோடு இறுக்கிவிட்டேன். டிரைவில் சுத்தமாக அமைதி. எஞ்சினை இறக்கச் சொன்னார்கள்!

பிப்ரவரி 9

நேற்று எழுதியதைப் பாதிதான் நம்புங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தேன். பார்க்கில் ‘டொக் டொக்’ அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9, மாலை

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் 30 வருடம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். ஒரு உருளையின் சத்தம் மாறினால் தாளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, கையை டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். பார்க், டிரைவ், மறுபடி பார்க், டிரைவ். பிறகு சொன்னார்: “ஒரு சத்தம் இல்லடா. ரெண்டு. நேத்து நீ கட்டினது கிலுகிலுன்னு தகரச் சத்தம். அதுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு, அது இப்பத்தான் தனியா கேட்குது. டிரைவ்ல போட்டா அது அமுங்குது பாரு.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் பதிவில் ‘டிரைவில் கூர்மையாகிறது’ என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது தவறு. டிரைவில் ஒரு சத்தம் அடங்கி, இன்னொரு சத்தம் கிளம்பியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து மூன்று வாரம் கேட்டிருக்கிறேன்.

திருத்தம் இதுதான்: பார்க், நியூட்ரலில் ‘டொக் டொக்’ தெளிவாக வருகிறது. டிரைவில் பிரேக்கோடு நின்றால் அமுங்குகிறது. ரேஸ் கொடுத்துக் காலை எடுத்தால் ‘டகடக’.

பிப்ரவரி 11

கியர்பாக்ஸ் ஆயில் பற்றிப் பலர் கேட்டீர்கள். டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் அளக்கும் கம்பி) எடுத்துப் பார்த்தேன், மேல் கோட்டுக்கு ஒரு விரல் அளவு கீழே இருந்தது. 600 மில்லி ஊற்றியிருக்கிறேன். நிறம் செங்கல் சிவப்பு, கருகல் வாசனை இல்லை. நாளை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 12

ஊற்றியது பெரிய தப்பு.

20 நிமிடம் ஓட்டியதும் புதிதாக ‘உய்ங்ங்’ என்று ஒரு முனகல். ரேஸ் கொடுத்தால் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது, எந்தக் கியரில் இருந்தாலும், பார்க்கில் நின்றாலும் கூட. டிப் ஸ்டிக்கை உருவினால் நுனியில் சோப்பு நுரை போலச் சின்னச் சின்னக் குமிழிகள். ஆயில் அளவுக்கு மிஞ்சிவிட்டால் உள்ளே சுற்றும் பாகங்கள் அதில் முங்கி அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது. காற்றை இழுக்கும் பம்ப் முனகும். ஆயில் குறைந்தாலும் இதே முனகல்தான் வரும், அதுவும் காற்றை இழுப்பதால்தான். வடிகட்டி அடைத்தாலும் இப்படியே.

எங்கே தவறினேன் என்றால், குளிர்ந்த ஆயிலை அளந்துவிட்டு ‘ஹாட்’ கோட்டோடு ஒப்பிட்டேன். ஆயில் சூடானால் விரிந்து மட்டம் ஏறும். சரியான முறை: 15, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நொடி நிறுத்திப் பார்க்குக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் பார்க்கச் சொல்கிறார்கள், ஆகவே முதலில் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள்.

டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி 600 மில்லியையும் அளவுக் குவளையில் பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். முனகல் மறுநாளே போய்விடும் என்று நினைக்கிறேன், நுரை அடங்க நேரம் வேண்டும்.

பிப்ரவரி 13

முனகல் போய்விட்டது. ‘டொக் டொக்’ இருக்கிறது.

ஆயிலைப் பற்றி ஒரு கூடுதல் செய்தி, இதை நேற்றுப் படித்ததிலிருந்து மனதை விட்டு அகலவில்லை. 1970-களின் தொடக்கம் வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுவழுப்பாகப் பிடிக்க அது உதவியது. 1973-ல் அமெரிக்காவில் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்த பிறகு அது கைவிடப்பட்டது. கார் மென்மையாகக் கியர் மாற்றிக்கொள்ள ஒரு திமிங்கலம் செத்திருக்கிறது. ஆயில் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் தர எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏதோ சிவப்பு ஆயிலை ஊற்றினால் கியர்பாக்ஸ் ஏன் அதிர்கிறது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. வழவழப்பைத் தருவது அந்தக் கலவைப் பொருள்தான், சிவப்பு நிறம் வெறும் சாயம்.

பிப்ரவரி 15

இது எனக்கே பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சத்தம் எஞ்சினைத் தொடர்கிறது என்று தெரிந்துவிட்டது. எஞ்சினுக்குள் எதை? நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். டாப்பெட், வால்வு, ராக்கர் எல்லாம் கேமோடு வேலை செய்பவை. ஆக டாப்பெட் தட்டினால் கிராங்க் சுற்றில் பாதிதான் தட்டும். எண்ணினால் தெரிந்துவிடும், ஆனால் காதால் எண்ண முடியாது.

அதனால் செல்போனைத் துணியில் சுற்றி, முன்சக்கரத்தின் பின்னால் தரையில் வைத்து 10 நொடி பதிவு செய்தேன். டேக்கோமீட்டர் 720 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 720 சுற்று) காட்டியது. 720-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 12 சுற்று. 10 நொடியில் கிராங்க் 120, கேம் 60. வீட்டுக்கு வந்து பதிவைக் கால் வேகத்துக்கு இறக்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு எண்ணினேன். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு போட்டு மூன்று தடவை எண்ணினேன். 117, 119, 119.

எனவே கிராங்க். டாப்பெட் இல்லை.

கால் வேகத்தில் கேட்கும்போது இன்னொன்றும் புலப்பட்டது. ஒவ்வொரு ‘டொக்’கின் வாலிலும் மெல்லிய ‘ஙீ...’ என்ற ஓர் உலோக இழுவை இருக்கிறது. அகலமான தட்டை விரல் நகத்தால் சுண்டினால் வருமே, அது போல. அப்பாவும் கேட்டுவிட்டு “இது தடிச்ச இரும்பு இல்ல, தகடு” என்றார்.

ஆனால் கனெக்டிங் ராடும் கிராங்க்கோடுதான் சுற்றுகிறது. ஆக மெக்கானிக் சொன்னது இன்னும் விலகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 16

தங்கள் வண்டியின் சத்தத்தைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

65, 70 கி.மீ. வேகத்தில் சொரசொரப்பான சாலையில் ஏறியது போல நடுங்குகிறது என்றவருக்கு: உங்களுடையது என் பிரச்சினை இல்லை, லாக்அப் கிளட்ச் போலத் தெரிகிறது. அந்த வேகத்தில், எஞ்சினின் வலுவை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்கலில்லாமல் பிணைக்கும். நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். பிரேக் சுவிட்ச் லாக்அப்பை விடுவிக்கும், டேக்கோமீட்டர் முள் இருநூறு முந்நூறு ஏறும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் லாக்அப்தான். முதலில் சரியான ஆயிலை மாற்றிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது. பின்னால் வண்டி வராதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

கியர்பாக்ஸில் ரீங்காரம் என்றவருக்கு: எந்தக் கியரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோள்சக்கரக் கியர்கள் (நடுக் கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் உருளும் அமைப்பு) உள்ள நாலு கியர் பெட்டிகளில் பெரும்பாலும் 3-வது கியர் நேரடி. அதில் கோள்சக்கரத் தொகுதி முழுதும் ஒரே கட்டியாகச் சுற்றும், பல்லோடு பல் உருளாது. 1, 2, 4-ல் ரீங்காரம் இருந்து 3-ல் மறைந்தால் அந்தத் தொகுதியைச் சந்தேகியுங்கள்.

ஸ்டால் டெஸ்ட் செய் என்றவருக்கு: மாட்டேன். டிரைவில் போட்டு, பிரேக்கை அழுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது அது. எஞ்சினின் மொத்த வலுவும் ஆயிலில் சூடாக இறங்கும். கையேடுகளே 5 நொடிக்கு மேல் கூடாது என்கின்றன. உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் வண்டியில் அந்தப் பரிசோதனை செய்வது சரியில்லை.

பிப்ரவரி 18

ராடு பேரிங்கை விசாரித்தாயிற்று. இரண்டு வேலை செய்தேன்.

ஒன்று, ஐடிலிங்கில், சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றுவிடும், அதன் ராடில் விழும் அடியும் குறையும். கெட்ட ராடு எதுவோ அதைக் கழற்றும்போது சத்தம் அடங்க வேண்டும். நாலையும் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் தள்ளாடியது, ‘டொக்’ அடங்கவேயில்லை. பிளக் ஒயரைப் பிடுங்குவதைவிட இது நல்லது: எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்காது. எஞ்சின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

இரண்டு, எஞ்சின் ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் மடிப்புகளில் ஜிகினா தூவியது போல மின்னும். என் ஃபில்டரில் கரிதான் இருந்தது. காந்தத்திலும் ஒன்றும் ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், பேரிங்கின் மேல்பூச்சு இரும்பு இல்லை.

எஞ்சின் நல்லது. இதை எழுதும்போது உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 19

மிச்சமிருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே. கிளட்ச் பெடல் உள்ள காரில் அங்கே கனமான ஃப்ளைவீல் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அது கிடையாது. ஃப்ளெக்ஸ் பிளேட் என்று மெல்லிய எஃகுத் தகடு ஒன்று. நடுவில் கிராங்க்கோடு போல்ட், ஓரத்தில் டார்க் கன்வர்ட்டரோடு போல்ட். சூட்டில் கன்வர்ட்டர் கொஞ்சம் உப்பி அசையும்போது தகடு வளைந்து கொடுக்க வேண்டும், அதற்காகவே மெல்லிசாகச் செய்கிறார்கள்.

அந்தத் தகடு விரிசல் விட்டால் ‘டொக் டொக்’ என்று, ராடு பேரிங்கை அப்படியே உரித்து வைத்தது போலச் சத்தம் வருமாம். பார்க்கில் பளு இல்லாதபோது விரிசலின் இரு விளிம்பும் தளர்ந்து தட்டிக்கொள்ளும். டிரைவில் போட்டதும் முறுக்கு ஏறி விளிம்புகள் ஒரு பக்கமாக இறுகும், சத்தம் அமுங்கும். அப்பா டேஷ்போர்டில் கை வைத்துச் சொன்னது இதையேதான்.

பிப்ரவரி 22

முன்பக்கத்தை ஏற்றி, இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், தயவுசெய்து), பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில், ஒரு சின்ன மூடி. மூன்று போல்ட். கழற்றினால் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் ஒரு துண்டு மட்டும் தெரியும். மூடி வளைந்து தகட்டில் உரசினாலும் சத்தம் வரும் என்பதால் அதை முதலில் பார்த்தேன், உரசிய பளபளப்பு இல்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டதால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு எளிதாகச் சுற்ற முடிந்தது. அப்பா மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார், நான் கீழே டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும். கன்வர்ட்டர் போல்ட் ஆறும் வந்து போயின. ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், ஆறும் இறுக்கம். தகட்டிலும் விரிசல் எதுவும் தெரியவில்லை. சரி, இதுவும் இல்லை போல என்று எழப் போனேன்.

அப்போதுதான் கண்ணாடியைச் சாய்த்து நடுப்பக்கம் பார்த்தேன். கிராங்க் போல்ட்டுகளின் வட்டத்தை ஒட்டி, தகட்டின் மேல் காவிப் பொடி. ஈரமில்லாத, மாவு போன்ற நைசான பொடி. விரலை நீட்டித் தொட்டேன், நுனியில் ஒட்டிக்கொண்டது. சாதாரணத் துரு இப்படி உதிராது. இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசிக்கொண்டே இருந்தால்தான் இந்தப் பொடி வரும். ஸ்க்ரூ டிரைவரால் தகட்டின் ஓரத்தை நெம்பினேன். ‘டிக்’.

அந்த ‘டிக்’கைக் கேட்டதும் அப்பா மேலிருந்து “அதுதான்!” என்றார்.

பிப்ரவரி 23

விரிசலைக் கண்ணால் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கப் போகிறாயா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். கிராங்க் போல்ட் வட்டத்தில் வரும் விரிசல் பெரும்பாலும் கன்வர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளினால்தான் தெரியும். சத்தம் கிராங்க் சுற்றைத் தொடர்கிறது, சிலிண்டரை நிறுத்தினால் மாறவில்லை, டிரைவில் அமுங்குகிறது, பொடி இருக்கிறது, நெம்பினால் தட்டுகிறது. இத்தனைக்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், தகடு முழுவதும் அறுந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அப்பாவைத் தனியாக ஓட்டவிட எனக்கு மனமில்லை. இன்றிலிருந்து வண்டி ஓடவில்லை.

மார்ச் 2

வேறொரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினோம். பக்கத்திலேயே நின்றேன்.

தகடு வெளியே வந்தது. கிராங்க் போல்ட் துளைகள் எட்டு. அதில் ஆறு துளைகளைத் தொட்டபடி ஒரு விரிசல், அரைவட்டத்தையும் தாண்டி. மீதி இரண்டு துளைகளைச் சுற்றி மட்டும் உலோகம் முழுதாக இருந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மொத்தக் காரும் ஓடியிருக்கிறது. கையில் பிடித்து லேசாக முறுக்கினால் அதே ‘டொக்’. இத்தனை வாரமாகக் கேட்ட சத்தத்தைக் கையில் வைத்திருந்தேன்.

மார்ச் 2, இரவு

இன்னொன்றை எழுத மறந்துவிட்டேன், முக்கியமானதே அதுதான். தகடு ஏன் உடைந்தது?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸ் உறைக்கும் நடுவே, நேர்கோட்டில் உட்காரவைக்க இரண்டு டவல் பின்கள் இருக்கும். குட்டையான எஃகு உருளைகள். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே, நேராக்கும் வேலை இந்தப் பின்களுடையது. எங்கள் வண்டியில் ஒன்று இருந்தது. இன்னொன்றின் துளை காலி. பல வருடம் முன்பு ஆயில் சீல் மாற்ற ஒருவர் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறார். அப்போது கீழே விழுந்ததோ, மறந்துவிட்டதோ. அன்றிலிருந்து கியர்பாக்ஸ் மயிரிழை விலகி உட்கார்ந்திருக்கிறது. ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்கு 720 தடவை தகடு ஒரு பக்கம் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான்.

பின் இல்லாமல் புதுத் தகட்டைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். காலித் துளையைப் பட்டறைப் பையன்தான் முதலில் பார்த்தான். அவனுக்கு என் நன்றி.

மார்ச் 5

ஏற்றும் வேலை. சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஒன்று மட்டும்.

டார்க் கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்காரவைத்த பிறகே எஞ்சினோடு சேருங்கள். ஷாஃப்ட்டின் பல்வரிசைகளிலும் ஆயில் பம்பின் காடியிலும் அது ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வேண்டும். மெல்லச் சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொரு படியாக ‘தொப்’பென்று உள்ளே போகும். இரண்டு ‘தொப்’ கேட்டதும் சரியாகிவிட்டது என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. உறையின் விளிம்பில் நேர்கட்டையை வைத்து ஆழம் அளந்தால் 6 மி.மீ. குறைந்தது. மறுபடி சுற்றினோம், மூன்றாவது ‘தொப்’. அளவு சரி. அளக்காமல் போல்ட்டை இறுக்கியிருந்தால் கன்வர்ட்டரின் கழுத்து பம்பை நசுக்கியிருக்கும்.

புதுத் தகடு, புது கிராங்க் போல்ட்டுகள், டார்க் ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கியது. பின்கள் இரண்டு. திறந்தது திறந்ததால் கிராங்க்கின் பின் சீலும் பம்ப் சீலும் புதிது.

மார்ச் 6

ஆயிலைச் சூடான பிறகு அளந்தேன். இரண்டு தடவை.

மார்ச் 7

காலை ஆறு மணிக்கு, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தேன். பார்க்கில் இருந்தேன். கண்ணாடிகளை இறக்கினேன். இன்ஜெக்டர்களின் ‘சிட்சிட்’ தவிர ஒன்றுமில்லை. அப்பா டேஷ்போர்டில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “டிரைவ்ல போடு” என்றார். போட்டேன். “ரேஸ் குடு” என்றார். கொடுத்தேன். அப்புறம் இறங்கி இந்தப் பக்கம் வந்து, “தள்ளிக்கோ, நான் ஓட்டறேன்” என்றார்.

மார்ச் 8

முதல் மெக்கானிக்கிடம் தகட்டைக் காட்டினாயா என்று கேட்டிருந்தீர்கள். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதே சத்தத்துக்கு முன்பு ஒரு எஞ்சினை இறக்கியிருப்பதாகவும், அதில் பேரிங் நன்றாக இருந்ததாகவும் சொன்னார். தகட்டைப் பட்டறையில் மாட்டிவைக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19

640 கி.மீ. ஆயிற்று. ‘டொக்’ இல்லை.

ஆனால் வண்டி அமைதியான பிறகு வேறொன்று கேட்கிறது. 50-க்கு மேல் ‘ஊ...’ என்று ஒரு மெல்லிய ஊளை. அன்றைக்குச் செய்த அதே சோதனையைச் செய்தேன்: நியூட்ரலில் உருளவிட்டாலும் மாறவில்லை, ஆக எஞ்சின் இல்லை. வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது, இடப்பக்கம் வளையும்போது மறைகிறது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் கனம் இடது சக்கரங்களின் மேல் சாயும். இடது முன் பேரிங் என்று நினைக்கிறேன். அப்பா, பின்சக்கரம் என்கிறார். நாளைக் காலை இரண்டையும் ஜாக்கியில் ஏற்றி, சுருள்கம்பியில் கை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.